கண் காணா நட்பு

உடலைக் காப்பன உணவும் உடையும் உறையுளும் ஆகும். உள்ளத்தைக் காப்பது நட்பு. பொருளில்லாதவனை வறியன் என்று உலகம் கூறும்; நட்பில்லாதவனோ அவனினும் வறியன். பெருஞ்செல்வத்தின் நடுவே பிறந்தவனும், தன் மனத்தில் உள்ளதை எடுத்துரைக்க ஒருவரும் இன்றி வாழ்வானாயின், பாலை நிலத்தில் தனித்து நிற்கும் மரத்தை ஒப்பான்.

இளமைப் பருவத்தில் நட்பு விளையும் நிலம் விளையாட்டேயாகும். பந்தாடும் இடத்தும், நீந்தித் திளைக்கும் இடத்தும் சிறுவர் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கின்றனர். தோற்றவன் முகம் வாடாது இருக்கின்றானா, வென்றவன் செருக்கின்றிப் பேசுகின்றானா, வீழ்ந்தவனுக்குக் கைகொடுப்பவன் யார், விட்டு ஓடுபவன் யார் என்பனவெல்லாம் ஆடுகளத்தில் வெளிப்படும். ஓராண்டு உடனிருந்து பேசினாலும் விளங்காத குணம் ஒரு மாலைப் பொழுது உடனாடினால் விளங்கிவிடும். ஆதலினாலேயே இளமையில் உடன் விளையாடியவரை மக்கள் முதுமையிலும் மறவாது போற்றுகின்றனர்.

ஆயின், ஓடவும் நடக்கவும் இயலாத ஒரு சிறுவனுக்கு ஆடுகளம் ஏது? ஆடுகளம் இல்லாதவனுக்கு நண்பர் எங்ஙனம் வாய்ப்பர்? இவ்வினாவுக்கு நார்வே நாட்டு இளைஞன் ஒருவனுடைய வாழ்க்கை விடை கூறுகின்றது. அவ்விடையை அவனைப் பெற்று வளர்த்த தாய்தந்தையரே அவன் மறைந்த பின்னர்த்தான் முழுதும் அறிந்தனர் என்பது வியப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது.

நார்வே, ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் அமைந்த குளிர் மிகுந்த நாடு. அதன் தலைநகர் ஆஸ்லோ. அந்நகரைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டீன் என்பாருக்கும் அவர்தம் மனைவியாருக்கும் 1989ஆம் ஆண்டில் மாட்ஸ் என்னும் மகன் பிறந்தான். தொடக்கத்தில் அவனும் ஏனைய குழந்தைகளைப் போலவே காணப்பட்டான். ஆயினும் ஓடியாடும்போது அவன் அடிக்கடி விழுந்தான். அவனுக்கு நான்கு வயது நிரம்பும் பருவத்தில் மருத்துவர்கள் ஆராய்ந்து, குழந்தையைப் பற்றியிருப்பது டுஷேன் தசைநலிவு நோய் என்று கூறினர். அச்சொல்லைக் கேட்ட பெற்றோரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த டுஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இந்நோயை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவர் பெயராலேயே இது வழங்கப்படுகின்றது. தசைகள் சிதையாமல் நிலைத்திருப்பதற்கு டிஸ்ட்ரோஃபின் என்னும் ஒருவகைப் புரதம் வேண்டும். அப்புரதத்தை ஆக்கும் மரபணு பழுதுற்றால், தசைகள் இயங்குந்தோறும் சிறிது சிறிதாகச் சிதைவுறும். சிதைந்தவை மீண்டும் செவ்வனே வளர்வதில்லை. அம்மரபணு எக்ஸ் குரோமோசோம் என்பதில் இருத்தலின், இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றுகின்றது. முதலில் கால்களும் பின்னர்க் கைகளும் வலுவிழக்கும். முடிவில் மூச்சை இயக்கும் தசைகளும் நெஞ்சின் தசையும் தளரும். நோயின் விரைவைத் தணிக்கும் மருந்துகள் சில உளவேனும், அதனை அடியோடு போக்கும் மருத்துவம் இன்னும் கைவரவில்லை.

மாட்ஸ் பள்ளிப் பருவத்திலேயே சக்கர நாற்காலியை நாட வேண்டியவன் ஆனான். உடன் பயிலும் சிறுவர் திடலை நோக்கி ஓடும்போது, அவன் அவர்களைப் பார்த்திருந்தான். அறிவிலோ ஆர்வத்திலோ அவன் எவர்க்கும் குறைந்தவன் அல்லன். உடல்தான் அவன் கருத்துக்கு உடன்படவில்லை. இந்நிலையில் அவன் உள்ளத்தை ஈர்த்தது கணினி விளையாட்டு. ஓடுவதற்குக் கால் வேண்டும்; பந்தெறிவதற்குத் தோள் வேண்டும். கணினியின் முன் அமர்ந்து விளையாடுவதற்கோ விரல்கள் அசைந்தால் போதும். அவ்விரல்களின் அசைவு மட்டும் மாட்ஸுக்கு நெடுநாள் எஞ்சி நின்றது. கைகள் மேலும் தளர்ந்தபோது, அவற்றின் சிற்றசைவுக்கு ஏற்பக் கருவிகள் மாற்றி அமைக்கப்பட்டன.

அமெரிக்க நாட்டு நிறுவனமாகிய பிளிசர்ட் என்பது, 2004ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. 2005ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அது ஐரோப்பிய நாடுகளுக்கும் வந்தது. இவ்விளையாட்டு, தனியொருவன் கணினியோடு பொருது முடிக்கும் விளையாட்டன்று. அசெரோத் என்னும் கற்பனை உலகம் ஒன்று இதன் களமாகும். அவ்வுலகில் மலைகளும் காடுகளும் நகரங்களும் வழிப்போக்கர் தங்கும் விடுதிகளும் உண்டு. இணையத்தின் வழியே பல நாட்டினரும் ஒரே நேரத்தில் அவ்வுலகினுள் புகுந்து உலவலாம். 2010ஆம் ஆண்டில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டணம் செலுத்தி இவ்விளையாட்டில் ஈடுபட்டிருந்தனர்.

இவ்வுலகினுள் நுழைபவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உருவத்தையும் பெயரையும் அமைத்துக்கொள்வர். அவர் விசைப்பலகையில் எழுதும் சொற்கள், அருகில் நிற்கும் பிற உருவங்களை இயக்குவோர்க்குத் தோன்றும். அவர்களும் எழுத்தாலேயே மறுமொழி தருவர். போர் புரிவதிலேயே பொழுது போக்குவோர் ஒரு சாரார். மற்றொரு சாரார், கூத்தில் வேடம் புனைந்தவர் அவ்வேடத்துக்கு ஏற்பப் பேசியும் நடந்தும் காட்டுதல் போலத் தாம் ஏற்ற உருவத்தின் வாழ்க்கையையே வாழ்ந்து காட்டுவர். மாட்ஸ் இந்த இரண்டாம் சாரைச் சேர்ந்தவன்.

அவன் அங்கே அமைத்துக்கொண்ட பெயர் இபெலின் ரெட்மூர். இபெலின் உயர்குடிப் பிறந்தவன், அகன்ற தோளினன், குற்றங்களைத் துப்பறிந்து காணும் தொழிலினன். நாள்தோறும் அசெரோத்தினுள் புகுந்தவுடன், இபெலின் முதற்கண் ஓடத் தொடங்குவான். ஏறத்தாழ அரை மணி நேரம், வழக்கமான பாதையில், காடும் வெளியும் கடந்து ஓடுவான். அதன் பின்னரே பிறரோடு பேசவும் விளையாடவும் தலைப்படுவான். நடக்க மாட்டாத ஒருவன் நாள்தோறும் ஓட்டத்தோடு தன் பொழுதைத் தொடங்கினான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அவன் நெஞ்சில் இருந்த வேட்கை எத்தகையது என்பது ஒருவாறு புலனாகின்றது.

இபெலின் ‘ஸ்டார்லைட்’ என்னும் குழுவில் ஒருவனாய் இருந்தான். விண்மீனின் ஒளி என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட அக்குழுவில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சேர்ந்தோர் இருந்தனர். ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாதவர் பலர். ஆயினும் ஒவ்வொரு மாலையும் தத்தம் பணியும் படிப்பும் முடிந்தபின் அசெரோத்தில் ஒன்றுகூடினர், உடன் விளையாடினர், உரையாடினர், ஊடினர், மீண்டும் கூடினர்.

இங்ஙனம் கூடியவர்களுள் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த நங்கை ஒருத்தி மாட்ஸுக்கு நெருங்கிய தோழியானாள். விளையாட்டில் அவள் பூண்ட பெயர் ரூமர். முதன்முதற் சந்தித்தபோது அவளுக்கு 15 வயது. மாட்ஸுக்கு 16 வயது. அசெரோத்தில் கோல்ட்ஷயர் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரின் அருகே இபெலின் அமர்ந்திருந்தபோது, புதரின் மறைவிலிருந்து ரூமர் பாய்ந்து வந்தாள். அவன் தலையிலிருந்த தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடி மறைந்தாள். இக்குறும்பே அவர்தம் நட்புக்குத் தோற்றுவாய் ஆயிற்று. சக்கர நாற்காலியில் இருந்த அச்சிறுவனிடம் நேரில் எவரும் இத்தகைய குறும்பு செய்யத் துணிந்திரார், இரங்கியே ஒதுங்கியிருப்பர். அந்நங்கையோ அவனை ஏனையோரில் ஒருவனாகவே எண்ணி விளையாடினாள். மாட்ஸ் பெற விரும்பியதும் அதுவே. அவ்வுலகில் தன்னைக் காண்பவர் நாற்காலியைக் காணாமல், தன் நெஞ்சையும் அறிவையும் காண்கின்றனர் என்று பிற்காலத்தில் அவன் கருத்துப்பட எழுதினான்.

அன்று தொடங்கிய நட்பு, பத்தாண்டை நெருங்கும் வரை, மாட்ஸின் இறுதி நாள்கள் வரை நீடித்தது. பத்தாண்டு என்பது இளையோர் வாழ்வில் சிறிய காலம் அன்று. பள்ளிச் சிறுமியாய் இருந்தவள் வளர்ந்த மகள் ஆனாள். சிறுவனாய் இருந்தவன் இளைஞன் ஆனான். விளையாட்டில் இருவரும் உடன் நின்று பகையை வென்றனர், நெடுவழி சென்றனர். ஆயினும் வெற்றி தோல்விகளைக் காட்டிலும் அவர்களுக்கு இன்றியமையாததாய் இருந்தது உரையாடலே. பகலில் நேர்ந்த துன்பத்தை மாலையில் எடுத்துரைக்க ஓரிடம் இருந்தது. அதனைப் பொறுமையுடன் கேட்க ஒரு நெஞ்சம் இருந்தது.

அந்நட்புக்கு ஒரு முறை இடையூறு நேர்ந்தது. தம் மகள் அளவுக்கு மீறி விளையாடுகின்றாள், அதனால் அவள் படிப்புக் கெடுகின்றது என்று கருதிய நெதர்லாந்துப் பெற்றோர், அவளுடைய விளையாட்டுக் கருவியை அகற்றிவிட்டனர். அவர்கள் செய்ததை முற்றும் பிழை என்று கூறுதற்கில்லை. மக்கள் நலம் நாடும் பெற்றோர் எவரும் அங்ஙனமே செய்திருப்பர். ஆயின், அவர்கள் விளையாட்டை மட்டுமே அகற்றியதாக எண்ணினர். மகளின் நண்பர்களையும் சேர்த்து அகற்றிவிட்டதை அறியவில்லை. அவள் தனிமையுற்று மனம் சோர்ந்தாள். செய்தியறிந்த மாட்ஸ் வாளாவிருக்கவில்லை. தான் ஒருபோதும் கண்டறியாத அப்பெற்றோர்க்கு மடல் ஒன்று எழுதினான். விளையாட்டும் அதில் வாய்த்த நட்பும் தங்கள் இருவர்க்கும் எத்துணை இன்றியமையாதன என்பதை அதில் எடுத்துரைத்தான். அவள் பொருட்டுப் பேச ஒருவன் வேற்று நாட்டில் இருந்தான் என்பதை அவள் மறக்கவில்லை. பின்னாளில், இபெலினும் ரூமரும் தழுவி நிற்கும் ஓவியம் ஒன்றைத் தன் கையால் வரைந்து அவனுக்கு அனுப்பினாள்.

மாட்ஸின் நட்பு அவளோடு மட்டும் நிற்கவில்லை. குழுவில் டென்மார்க்கு நாட்டுத் தாய் ஒருத்தி இருந்தாள். அவள் மகன் ஆட்டிசம் என்னும் நிலையுடையவன்; பிறரோடு எளிதில் பழகமாட்டாதவன். பெற்ற மகனின் உள்ளத்தை அணுக வழியறியாது அத்தாய் வருந்தினாள். விளையாட்டினுள்ளேயே மகனோடு சேர்ந்து பழகி நெருங்குமாறு மாட்ஸ் அவளுக்கு வழிகாட்டினான். தாய் அங்ஙனமே செய்தாள்; மகனும் மெல்ல மெல்லத் தாயின் அன்பை ஏற்று நெருங்கி வந்தான். பிள்ளை வளர்த்தறியாத இளைஞன் ஒருவன் தாய்க்கு வழிகாட்ட வல்லவனானது எங்ஙனம்? ஓடியாட இயலாதவன், கேட்பதற்கு நிறையப் பொழுது உடையவனாய் இருந்தான். கேட்கக் கேட்கப் பிறர் மனம் அவனுக்கு விளங்கிற்று.

இங்ஙனம் பிறர் துயரையெல்லாம் கேட்டறிந்த மாட்ஸ், தன் துயரை மட்டும் நெடுநாள் வெளியிடவில்லை. தன் முகத்தைக் காட்டுமாறு நண்பர் வேண்டியபோது மறுத்தான். நேரிற் சந்திக்க அழைத்தபோதும் இணங்கவில்லை. நோயை அறிந்தால் அவர்களும் இரங்கத் தொடங்குவர், நட்பின் நிறம் மாறிவிடும் என்று அவன் அஞ்சினான் போலும். நோய் முற்றிய காலத்தில் மனம் கசந்து நண்பரைச் சுடுசொல்லால் வருத்தியதும் உண்டு. காரணம் அறியாத நண்பர்கள் திகைத்தனர், சிலர் வருந்தினர். அவன் குறையற்றவன் அல்லன். எல்லாரையும் போல நிறையும் குறையும் உடையவனே. இறுதி ஆண்டுகளில் அவன் மனந்துணிந்து, தன் நோயையும் தன் வாழ்வையும் பற்றி இணையத்தில் வலைப்பதிவாக எழுதலானான். அதனைப் படித்த நண்பர் ஒருவரும் அவனை விட்டு அகலவில்லை, முன்னிலும் நெருங்கினர். மறைத்தமையால் அவன் காத்துக்கொண்ட நட்பினும், வெளியிட்டமையால் பெற்ற நட்பு பெரிதாயிற்று.

இனி, அவன் பெற்றோரின் நிலையைக் காண்போம். அவர்கள் மகனிடத்துப் பேரன்புடையவர்கள். தங்கள் இல்லத்திலேயே, சக்கர நாற்காலிக்கு ஏற்றவாறு அவனுக்கெனத் தனியிடம் அமைத்துக் கொடுத்தனர். ஆயினும் அவர்கள் கண்டதெல்லாம், ஒளிரும் திரையின் முன் பொழுதெல்லாம் அமர்ந்திருக்கும் மகனையே. இரவு நெடுநேரம் அவன் விழித்திருப்பது அவர்களுக்கு வருத்தம் தந்தது. உரிய நேரத்தில் உறங்குமாறு வற்புறுத்தினர். வேற்று நாட்டு நண்பர்கள் தத்தம் பணி முடித்து ஒன்றுகூடுவது இரவில்தான் என்பதை அவர்கள் அறிந்திலர். திரையை அணைத்துவிடு என்று அவர்கள் கூறியபோது, நண்பர் நிறைந்த அவையினின்று எழுந்து வருமாறு அழைக்கின்றோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

2014ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் மாட்ஸ் உயிர் நீத்தான். அப்போது அவனுக்கு வயது 25. பெற்றோரின் துயருக்கு எல்லை இல்லை. மகன் இறந்தது ஒரு துயரம். நட்பும் காதலும் அறியாமல், எவர்க்கும் பயன்படாமல், தனித்தே வாழ்ந்து இறந்தான் என்று அவர்கள் எண்ணியது அதனினும் பெருந்துயரம். இழந்ததற்கு அழுவோர் உண்டு. மகன் ஒன்றும் பெறாமலே சென்றானே என்று அழுத பெற்றோர் இவர்கள்.

மாட்ஸின் வலைப்பதிவைத் திறக்கும் மறைசொல் தந்தையாருக்குக் கிடைத்தது. படிப்போர் சிலரேனும் இருக்கக்கூடும் என்று கருதி, மகன் மறைந்த செய்தியை அவர் அதில் எழுதினார். தொடர்புகொள்ள விரும்புவோர்க்கெனத் தம் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தார். பின்னர் நடந்தது அவர் எதிர்பாராதது. ஒரு மடல் வந்தது. அடுத்தடுத்துப் பல மடல்கள் வந்தன. வேற்று நாட்டினர் பலர், இபெலின் என்னும் பெயரைக் கூறி, கண்ணீரோடு எழுதியிருந்தனர். தாம் சோர்ந்திருந்த காலத்தில் தம்மைத் தாங்கியவன் அவன் என்று சிலர் எழுதினர். தம் குறைகளைப் பொறுமையுடன் கேட்டவன் அவன் என்று சிலர் எழுதினர். மடல்களைப் படிக்கப் படிக்க, தம் இல்லத்தின் ஓர் அறையில் தாம் அறியாத பெருவாழ்வு ஒன்று நிகழ்ந்திருந்ததைப் பெற்றோர் உணர்ந்தனர்.

ஆஸ்லோ நகரில் இறுதிச் சடங்கு நடைபெற்றபோது டென்மார்க்கு, நெதர்லாந்து, இங்கிலாந்து, பின்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து ஸ்டார்லைட் குழுவினர் வந்திருந்தனர். பயணச் செலவுக்குப் பொருளில்லாதோரும் வருவதற்கெனக் குழுவினர் தமக்குள் பணம் திரட்டினர். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் நேரிற் காணாத நண்பனை, அவர்கள் அன்றுதான் முதன்முதல் காண வந்தனர், அதுவே இறுதியுமாயிற்று. ரூமர் என்று பெயர் பூண்ட தோழியும் அவர்களுள் ஒருத்தி. குழுவினருள் ஒருவர் பெட்டியின் அருகே நின்று, கூடியிருந்தோர் கேட்க அவன் புகழை உரைத்தார். உறவினர், தாம் அறியாத மாட்ஸை அந்நண்பர் வாயிலாக அறிந்தனர். நண்பர், தாம் அறியாத மாட்ஸை உறவினர் வாயிலாக அறிந்தனர்.

2019ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஒலிபரப்பு நிறுவனம் இவ்வரலாற்றை வெளியிட்டது. அது பல நாடுகளிலும் பரவியது. பின்னர் நார்வே நாட்டு இயக்குநர் பெஞ்சமின் ரீ என்பார் இதனை ஆவணப் படமாக ஆக்கினார். குழுவினர் போற்றிக் காத்திருந்த உரையாடற் பதிவுகள் பல்லாயிரம் பக்கங்களாய் இருந்தமையின், இபெலின் பேசியதையும் செய்ததையும் அவற்றிலிருந்தே எடுத்து மீண்டும் உருவாக்க முடிந்தது. 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அப்படம் பரிசு பெற்றது. இபெலின் நாள்தோறும் ஓடிய பாதையில், அவன் நினைவாக ஸ்டார்லைட் குழுவினர் ஒருங்கே கூடி ஓடியதும் உண்டு.

மாட்ஸ் தன் வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் 15,000 முதல் 20,000 மணி நேரம் விளையாட்டில் கழித்தான் என்று தந்தையார் கணக்கிட்டார். நாளொன்றுக்குப் பகுத்தால் ஏறத்தாழ நான்கு முதல் ஐந்தரை மணி நேரம் ஆகும். இக்கணக்கை மட்டும் கேட்பவர், ஐயோ, வாழ்நாள் வீணாயிற்றே என்பர். அம்மணிகளில் அவன் செய்தது யாது என்று கேட்பவரோ வேறு விடை பெறுவர். பொழுதின் பயனை அளப்பதற்குக் கடிகாரம் மட்டும் போதாது.

காணாமலே வளரும் நட்பு தமிழ் மக்களுக்குப் புதியதன்று. உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஒருவர் பண்பை ஒருவர் கேட்டறிந்தே நண்பராயினர். அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, புலவர் தவறாது வருவார் என்று நம்பி அவர்க்கென இடம் ஒதுக்கி வைத்தான், அவரும் வந்தார். அன்று கேள்வியால் வளர்ந்த நட்பு, இன்று கணினித் திரையின் வழியே வளர்ந்தது. கருவி வேறு, உணர்வு ஒன்றே.

இவ்வரலாற்றைப் படிப்பவர், கணினி விளையாட்டில் எவ்வளவு பொழுதும் கழிக்கலாம் என்று பொருள் கொள்ளலாகாது. விளையாட்டை நிறுத்த இயலாமல், உணவும் உறக்கமும் கல்வியும் உறவும் கெடுமாறு அதில் மூழ்குவோரும் உளர். உலக நல நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்று, 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில், இத்தகைய நிலையும் ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஓடவும் நடக்கவும் திடல் உடையவர் அத்திடலைத் துறந்து திரையின் முன் அமர்தல் அறிவுடைமை ஆகாது. மாட்ஸுக்கு அத்திரையன்றி வேறு வாயில் இல்லை. கிடைத்த ஒரு வாயிலின் வழியே அவன் மக்களை நோக்கிச் சென்றான். மக்களை விட்டு ஓடி ஒளிவதற்கு அதனைப் பயன்படுத்துவோர்க்கு அவன் சான்று ஆகான். தொலைவில் இருப்போரெல்லாம் தூயோர் என்று நம்பிவிடுதலும் தகாது. நேரிற் பழகுவோரை ஆராய்வதினும் மிகுதியாக, காணாதவரை ஆராய்ந்தே நட்புக் கொள்ளவேண்டும்.

ஆயினும், இவ்வரலாறு பெரியோர்க்கும் இளையோர்க்கும் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. ஒருவன் எதன்முன் அமர்ந்திருக்கின்றான் என்பதைக் கண்ட அளவில் அவன் வாழ்க்கையைக் கண்டுவிட்டதாக எண்ணுதல் கூடாது. மகனின் விளையாட்டுலகை அறிய இன்னும் ஆர்வம் காட்டியிருக்கலாமே என்று மாட்ஸின் தந்தையார் பின்னர் வருந்திக் கூறினார். ஒரு மாலை அவன் அருகில் அமர்ந்து, யாரோடு விளையாடுகின்றாய், அவர் எந்நாட்டினர், என்ன பேசுகின்றீர்கள் என்று கேட்டிருந்தால், அவன் சொல்லியிருப்பான். அவர்களும் அவன் வாழ்ந்த காலத்திலேயே மகிழ்ந்திருப்பர். பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். பிள்ளைகள் கேட்கும் வரை காத்திராமல், தம் நண்பர் இன்னார் எனத் தாமே முன்வந்து கூறுதல் வேண்டும். கூறத் தயங்கும் நட்பு எதுவாயினும், அத்தயக்கத்தின் காரணத்தை ஒருமுறை ஆராய்தல் நன்று.

மாட்ஸ் எவர்க்கும் பொருள் கொடுத்தவன் அல்லன். எவரையும் தோளில் சுமந்தவன் அல்லன். தன் பொழுதையும் செவியையும் கொடுத்தான். நொந்தவர்க்கு நல்ல சொல் கொடுத்தான். விரல் அசைக்கும் அளவே வலிமை பெற்றிருந்த ஓர் இளைஞனுக்கு இவை இயன்றன. கைகளும் கால்களும் குறைவின்றிப் பெற்றோர்க்கு இவை இயலாவாயின், அக்குறை உடலின் குறை ஆகாது.